பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஷாம்பெயினும்: ஒரு விலைக் கணக்கு

போன வாரம் நம்ம சேனல்ல தீபாவளி செலவு பட்ஜெட் வீடியோ போட்டிருந்தோம். அதுக்குக் கீழ சிவகாசியில அச்சகம் நடத்துற ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது: "வேலை பாக்குறவங்க, டீலருங்க எல்லாம் சேர்த்து 60 பேருக்கு ஸ்வீட் கொடுக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னு சொன்னாலே ஒரு விலை, சாதா பால்கோவான்னா ஒரு விலை, பெரிய கடை கிஃப்ட் பாக்ஸ்னா இன்னொரு விலை. அந்தப் பேருக்காக நான் கூடுதலா கொடுக்கணுமா?"

கேக்க சின்ன கேள்விதான். ஆனா ஒரு ஊர் பேருக்காகக் காசு கொடுக்கிற எல்லாப் பொருளுக்கும் இதே கேள்வி வரும். உலகத்துல இதுக்குப் பெரிய உதாரணம் பிரான்ஸ் நாட்டு ஷாம்பெயின். அந்தக் கணக்கை முதல்ல பார்த்துட்டா, நம்ம ஊர் பால்கோவா கணக்கு சுலபமா புரியும். (குடிக்கச் சொல்லி எழுதுற பதிவு இல்லை இது, விலையைப் புரிஞ்சுக்கத்தான். மது உடம்புக்குக் கேடு.)

ஒரு விலைக்குள்ள மூணு விலை

ஊர் பேரோட வர்ற எந்தப் பொருளோட விலையையும் மூணாப் பிரிக்கலாம்.

1. பொருள் விலை: மூலப்பொருள், கூலி, எரிபொருள், வச்சிருந்து விக்கிற காலம்.
2. பேர் விலை: அந்தப் பேர் இருக்கிறதால மட்டும் கொடுக்கிற கூடுதல்.
3. வழி விலை: அது உங்க கைக்கு வந்து சேர்ற வழியில ஏறுற வரி, வண்டிச் செலவு, இடைத்தரகு.

பில்லுல இந்த மூணும் ஒரே தொகையாத்தான் இருக்கும். பிரிச்சுப் பார்க்க வேண்டியது நம்ம வேலை.

ஷாம்பெயின் ஏன் அவ்வளவு விலை?

ஷாம்பெயின்ங்கிறது ஒரு ஊர்ப்பக்கத்துப் பேரு. பாரிசுக்குக் கிழக்கே இருக்கிற அந்தப் பகுதியில, எல்லை போட்ட சுமார் 34,000 ஹெக்டேர் நிலத்துல விளையுற திராட்சையில செஞ்சாத்தான் அந்தப் பேரை வைக்க முடியும். 1927-ல சட்டம் போட்டு எல்லை வகுத்தாங்க. 1936-ல பேருக்கு முழுப் பாதுகாப்பு வந்துச்சு. நம்ம சென்னையில இருக்கிற புவிசார் குறியீடு பதிவகத்துல கூட ஷாம்பெயின் பேர் பதிவாகியிருக்கு.

பொருள் விலையைப் பார்ப்போம். 4,000 கிலோ திராட்சையில இருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு விதி. அப்படின்னா ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ திராட்சை வேணும். அங்க ஒரு கிலோ 6 யூரோவுக்கு மேல போகுது. பாட்டில், கூலி எதுவும் சேர்க்காம திராட்சைக்கு மட்டும் 7 யூரோ தாண்டிடுது. அடுத்து, நுரை வர்றதுக்கான இரண்டாவது நொதிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளயும் தனித்தனியா நடக்கணும். குறைஞ்சது 15 மாசம் பாதாள அறையில இருக்கணும். வருஷம் போட்டு விக்கிற வகைன்னா 3 வருஷம். அத்தனை நாளும் முதலீடு முடங்கிக் கிடக்கு. அதுக்கான வட்டியும் விலையிலதான் வரும்.

இப்போ போட்டியாளர்களைப் பாருங்க. ஸ்பெயின் நாட்டு காவா, பிரான்சிலேயே மத்த பகுதிகள்ல வர்ற க்ரெமாங், ரெண்டும் அதே மாதிரி பாட்டிலுக்குள்ள நொதிக்க வைக்கிறதுதான். குறைஞ்சபட்ச காலம் மட்டும் 9 மாசம். இத்தாலி நாட்டு ப்ரோசெக்கோவைப் பெரும்பாலும் பெரிய டாங்க்ல நொதிக்க வைக்கிறாங்க. சில வாரத்துல வேலை முடிஞ்சிடும், அதனால விலையும் குறைவு. நம்ம நாசிக்ல சூலா கம்பெனி பாட்டில் முறையிலேயே பண்றாங்க. இன்னும் சுவாரசியமான விஷயம், பிரான்ஸ்ல மோயே ஏ ஷாந்தோன் ஷாம்பெயின் தயாரிக்கிற அதே குழுமம் 2013-ல நாசிக் பக்கம் ஷாந்தோன்ங்கிற பேர்ல நுரை ஒயின் கொண்டுவந்துச்சு. முதலாளி ஒண்ணு, முறையும் அதேதான். ஆனா நாசிக் திராட்சைங்கிறதால 'ஷாம்பெயின்'னு லேபிள்ல போட முடியாது.

ஆக, ஷாம்பெயின் விலையில ஒரு பங்கு நிஜமான செலவு. காவா, க்ரெமாங்கைவிடக் கூடுதலா இருக்கிற தொகையில ஒரு பகுதி நில விலைக்கும் காத்திருப்புக்கும் போகுது, மிச்சம் பேருக்கு. நம்ம ஊர்ல வாங்கினா இதுக்கு மேல வழி விலை வேற. வெளிநாட்டு ஒயினுக்குப் பல வருஷமா 150 சதவீதம் வரைக்கும் இறக்குமதி வரி இருந்துச்சு. 100 ரூபாய் மதிப்புள்ள சரக்கு துறைமுகத்தைத் தாண்டும்போதே 250 ரூபாய். நாடுகளுக்கு இடையில ஒப்பந்தம் வர வர இந்த வரி மாறும். அதுக்கப்புறம் மாநில வரி. அதாவது, இங்க ஷாம்பெயின் வாங்குறவர் தான் பேருக்குக் காசு கொடுக்கிறதா நினைச்சுக்குவார். நிஜத்துல பெரும் பங்கு வழியிலேயே போயிடுது. அதனால நம்ம நாட்டுல இருந்து பார்த்தா, காசுக்கேத்த மதிப்பான்னு கேட்டா பதில் 'இல்லை'தான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஷாம்பெயினுக்குக் கிடைச்ச அதே வகை உரிமை. 1999-ல போட்ட சட்டம், 2003 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. ஒரு தடவை பதிவு செஞ்சா 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஷாம்பெயினுக்கு நிலம் அளவானது, காலம் நீளமானது. பால்கோவாவுக்கு வேண்டியது பாலும் சர்க்கரையும்தான். வாணலியில ஊத்தி, அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே சுண்ட வைக்கணும். காலையில கறந்த பால் சாயங்காலம் பால்கோவா ஆயிடும். 15 மாசம் வட்டி கட்டுற வேலை கிடையாது.

பொருள் விலையை நீங்களே வீட்டுல போட்டுப் பாக்கலாம். பசும்பால்ல தண்ணி போக மிஞ்சுற சத்து லிட்டருக்கு ஏறக்குறைய 120 முதல் 130 கிராம். 3 லிட்டர் பால்னா 375 கிராம்னு வச்சுக்குவோம். அதுக்கு 375 கிராம் சர்க்கரை. ரெண்டும் சேர்ந்து 750 கிராம். முழுசா காயவிட மாட்டோம், ஈரப்பதம் கால் பங்கு இருக்கும். ஆக 1 கிலோ பால்கோவா. மனசுல வச்சுக்க வேண்டிய கணக்கு: ஒரு கிலோ பால்கோவாவுக்கு 3 லிட்டர் பால். சர்க்கரை கூடுதலா போட்டா பால் குறையும், கம்மியா போட்டா பால் கூடும், அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு பால் லிட்டர் 45 ரூபாய்னா 3 லிட்டருக்கு 135. சர்க்கரைக்கு 17. மொத்தம் 152 ரூபாய். எரிபொருள், கிண்டுற ஆள் கூலி, கடை வாடகை, டப்பா, விக்காம வீணாகிறது எல்லாத்துக்கும் ஒரு 100 வைங்க. 250 ஆச்சு. அதுக்கு மேல லாபமும் வரியும். 320, 340 ரூபாய்க்கு ஒரு கடைக்காரர் வித்தா அதுல பெரும் பங்கு பாலுக்கும் உழைப்புக்கும்தான். பேர் விலைன்னு பார்த்தா ரொம்பச் சின்னத் தொகை. (இந்த ரூபாய் எல்லாம் உதாரணம். உங்க ஊர் பால் விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பண்ணுங்க.)

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது.

ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர்லயே வாங்குறவருக்குப் பேர் கிட்டத்தட்ட இலவசமா கிடைக்குது. இந்த விஷயத்துல ஷாம்பெயினுக்கு நேர் எதிர்.

ரெண்டாவது, மூலப்பொருள் செலவே கிலோவுக்கு 150 வரும்போது, யாராவது 180-க்கும் 200-க்கும் 'சுத்தமான பால்ல செஞ்சது'ன்னு வித்தா யோசிக்கணும். பாலுக்குப் பதிலா வேற ஏதோ உள்ள போயிருக்க வாய்ப்பு அதிகம்: மைதா, மாவுச்சத்து, பால் பவுடர், வனஸ்பதி. விலை மலிவுன்னு நினைச்சு மைதாவைப் பால்கோவா விலைக்கு வாங்கிட்டு வருவோம்.

நிஜமான நஷ்டம் எங்க?

காசு வீணாகிறது அசல் பேருக்குக் கொடுக்கிறதுல இல்லை, நகல் பேருக்குக் கொடுக்கிறதுல. பைபாஸ் ஓரக் கடை, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்னு பல ஊர்ல 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. எல்லாமே போலின்னு சொல்லல. அங்கிருந்து சரக்கு எடுத்து விக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா ஒரு பேரை டப்பாவுல அச்சடிக்கிறதுக்கு ஆகுற செலவு எவ்வளவு கம்மின்னு சிவகாசிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலைச் சுண்ட வைக்கிற செலவு அப்படியில்ல.

இன்னொண்ணும் மறக்கக் கூடாது. புவிசார் குறியீடு 'எந்த ஊர்'னு சொல்லும். 'எப்போ செஞ்சது'ன்னு சொல்லாது. ஷாம்பெயின் பாட்டில் மாசக்கணக்குல தாங்கும். பால்கோவா வெளியில வச்சா சில நாள்தான். அசல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரக்கே பத்து நாள் பழசா இருந்தா, உங்க தெருவுல இன்னைக்குக் கிண்டுன பால்கோவா அதைவிட மேல்.

வாங்கும்போது இதைப் பாருங்க:

* டப்பாவுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிச்ச இடத்தோட முகவரி ரெண்டும் இருக்கா? விக்கிற இடம் வேற, தயாரிச்ச இடம் வேற. ஊர் பேரைப் பெரிய எழுத்துல படிக்காதீங்க, முகவரியைச் சின்ன எழுத்துல படிங்க.
* சேர்மானப் பட்டியல்ல எது அதிகமோ அது முதல்ல வரணும். பால் முதல்ல இருக்கணும்.
* உதிரியா விக்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில காட்டணும்னு 2020 அக்டோபர் 1-ல இருந்து விதி இருக்கு. தைரியமா கேளுங்க.
* சந்தேகமா இருந்தா கொஞ்சம் எடுத்துத் தண்ணியில கொதிக்க வச்சு, நல்லா ஆற விட்டு, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற டிங்சர் அயோடின் ரெண்டு சொட்டு விடுங்க. நீலமா மாறினா மாவுச்சத்து இருக்கு. சோதிச்சதைச் சாப்பிடாம கொட்டிடுங்க.

அப்போ எதை வாங்கலாம்?

*வீட்டுல சாப்பிட:* பேரை விடுங்க. பக்கத்துல புதுசா கிடைக்கிற நல்ல பால்கோவா போதும். ஆவின் பால்கோவாவும் இருக்கு. ஷாம்பெயினுக்குக் க்ரெமாங் எப்படியோ, அப்படி.

*யாருக்காவது கொடுக்க:* பேருக்கு மதிப்பு உண்டு. வாங்குறவர் டப்பாவைப் பார்த்ததும் சந்தோஷப்படுறதும் ஒரு பயன்தான். ஆனா மூலத்துலயே வாங்குங்க. என் அளவுகோல் இது: அதே தரத்துல உள்ளூர்ல கிடைக்கிறதைவிட 20 சதவீதத்துக்கு மேல பேருக்குக் கொடுக்க வேண்டாம்.

*சென்னை, பெங்களூருக்குக் கூரியர்ல:* வழி விலையைத் தனியா கணக்குப் போடுங்க. அரைக் கிலோ அனுப்ப ஆகுற செலவு பால்கோவா விலையில பாதியைத் தொட்டா அது லாபமான வாங்கல் இல்லை. நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரே பார்சலா வரவழைங்க.

சிவகாசி நண்பருக்குக் கணக்கு

பெரிய கடை கிஃப்ட் பாக்ஸ் ஒண்ணு 450 ரூபாய்னா 60 பேருக்கு 27,000.

ஸ்ரீவில்லிபுத்தூர் உங்களுக்கு சுமார் 20 கிலோமீட்டர். நேரா போய் கிலோ 340-க்கு 30 கிலோ எடுத்தா 10,200. டப்பா உங்க அச்சகத்துலயே ஒண்ணு 25 ரூபாய்னா 1,500. வண்டிக்கு 800. மொத்தம் 12,500.

மிச்சம் 14,500 ரூபாய். வேலை பாக்குறவங்க, டீலருங்கன்னு 60 பேர்ல, வேலை பாக்குறவங்க 40 பேர்னு வைங்க. ஆளுக்கு 300 ரூபாய் கவர்ல போட்டுக் கொடுத்தாலும் 12,000-தான். போனஸ் தனி, இது அதுக்கு மேல. அசல் பால்கோவா அரைக் கிலோவும் கையில 300 ரூபாயும் கிடைச்ச ஒருத்தர், மினுமினுப்பான பெட்டியில பத்து வகை ஸ்வீட் கிடைச்சவரைவிடக் கண்டிப்பா சந்தோஷமா வீட்டுக்குப் போவார். உங்களுக்கும் 2,500 ரூபாய் மிஞ்சும்.

ரெண்டு எச்சரிக்கை மட்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைங்க, சரக்கை மட்டும் கொடுக்கிறதுக்கு முதல் நாள் எடுங்க. அப்புறம், ஸ்வீட் செலவை கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.-ல போடாதீங்க. நாலு நாள்ல தீர்ந்துபோற பொருளுக்கு ஆறு மாசம் வட்டி கட்டக் கூடாது.

பட்டுப் புடவை, பூட்டு, கடலை மிட்டாய்னு அடுத்த தடவை ஊர் பேர் போட்ட எதை வாங்கினாலும் பொருள் விலை, பேர் விலை, வழி விலைன்னு மூணா எழுதிப் பாருங்க. பேர் விலை அந்த ஊர்ல செய்றவருக்குப் போய்ச் சேருதுன்னா தாராளமா கொடுங்க. பாதி வழியில யாரோ எடுத்துக்கிறாங்கன்னா கொடுக்காதீங்க.

உங்க ஊர்ல பால் விலை என்ன, பால்கோவா கிலோ என்ன விலைன்னு வீடியோ கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல எல்லா ஊர் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்.