பிள்ளை அழவே இல்லையா? உஷார்!

"தொந்தரவே இல்லாத பிள்ளை. பாலுக்குக்கூட எழும்பாமல் தூங்குது." பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையைப் பார்த்து தோட்ட லயத்தில் யாராவது இப்படிப் பாராட்டினால், சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உடனே போய் அந்தப் பிள்ளையின் வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அடுத்து பாதத்தைத் தொடுங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால், பிள்ளை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. வயிறும் சில்லென்று இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

குளிர் பிடித்தால் பெரியவர்களுக்கு உடம்பு நடுங்கும். பச்சைப் பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. தன் உடம்பில் இருக்கும் கொஞ்சக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்கும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அந்தக் கொழுப்பும் போதாது. உடற்சூடு 36.5 பாகைக்குக் கீழே இறங்கினால் பால் உறிஞ்சத் தெம்பு குறைகிறது. பால் போகாததால் இரத்தத்தில் சீனி இறங்குகிறது, சூடு இன்னும் இறங்குகிறது. கடைசியில் அழுவதற்கும் சக்தி இருக்காது. பார்ப்பவர்களோ அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆபத்து நம் மலையில் ஏன் கூடுதல்? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், தகரக் கூரையின் கீழ், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! அந்தக் குளிருக்குள் வந்து சேரும் பிள்ளைகளிலோ பலர் சிறிய பிள்ளைகள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டப்புறத்தில்தான் அதிகம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம். தோட்டங்களில் 31.7 வீதம். வயிற்றில் பிள்ளையோடு மலை ஏறிக் கொழுந்து பறித்து, இரத்தம் குறைந்து, பாதி வயிறு சாப்பிட்ட தாயிடமிருந்தே இந்த வளர்ச்சிக் குறை தொடங்குகிறது.

பிரசவம் இப்போது ஆஸ்பத்திரியில்தான். சுகப்பிரசவம் என்றால் ஒன்றிரண்டு நாளில் டிக்கட் வெட்டி அனுப்பிவிடுவார்கள். மிகவும் கவனிக்க வேண்டிய முதல் வாரத்தில் பிள்ளை லயத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே குளிரைப் போக்க நாம் செய்யும் வேலைகளில் சில, குளிரைவிட மோசமானவை.

ஜன்னலைச் சாத்தி, கரி நெருப்பை உள்ளே வைத்து, அதன் பக்கத்தில் தாயையும் பிள்ளையையும் படுக்கவைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த நெருப்பிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சாம்பிராணிப் புகையும் விறகடுப்புப் புகையும் அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிள்ளையோடு ஒட்டி வைத்தால் தோல் வெந்துபோகும். பிள்ளையின் முகத்தில் கம்பளியைப் போர்த்துவதும், குடித்துவிட்டு வந்தவர் பிள்ளைக்குப் பக்கத்தில் படுப்பதும் மூச்சை அடைக்கும் காரியங்கள். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று மஞ்சள். கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால், "காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்று அப்பாயி சொல்வார். அவர் பாசத்தில் குறையில்லை. ஆனால் வெயில் அதற்கு மருந்தில்லை. மூடுபனிக்குள் துணியைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தால் குளிர்தான் ஏறும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நீல வெளிச்சத்தில் வைத்துக் குணப்படுத்திவிடுவார்கள். தாமதித்தால் மஞ்சள் மூளையில் படிந்து, பிள்ளையின் காதும் கைகாலும் ஆயுளுக்கும் பாதிக்கப்படலாம். சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், தேன் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான்.

அப்படியானால் சூட்டுக்கு என்ன வழி? பிள்ளைக்குத் தொப்பியும் நப்கினும் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே துணியாலும் கம்பளியாலும் இருவரையும் சேர்த்துச் சுற்றுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்க வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரி ஒன்றில், இன்குபேட்டர் போதாமல் டொக்டர்கள் தொடங்கிய முறை இது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆஸ்பத்திரிகளில் மிகச் சிறிய குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் கவனித்த குழந்தைகளைவிட இவர்களிடையே மரணம் கால்வாசி குறைந்ததாக 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் வாங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பிமாரே.

பால் குடிக்க மறுப்பது, மூச்சு நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் ஓடுவது, மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு குழி விழுவது, வலிப்பு, காய்ச்சல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிவது, எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடப்பது. இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். மாந்தம், தோஷம் என்று பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் போய் ஒரு இரவைத் தொலைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு தாய் தனியாகக் கவனிக்க முடியாது. அவளுக்கே உடம்பு தேறவில்லை. இரத்தப்போக்கு கூடுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, யாரோடும் பேசாமல் அழுதுகொண்டே இருக்கிறாளா என்று அவளையும் ஒருவர் பார்க்க வேண்டும். மனம் உடைந்த தாய்க்குப் பேச 1926 என்ற இலக்கம் இருக்கிறது. குடும்பநல மாது, நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர், முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பிள்ளை வந்த அன்றே அவருக்குச் செய்தி சொல்லுங்கள். அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும் என்றால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டுத் திரும்பும் தாயைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். பக்கத்துக் காம்பரா அக்காமாரே, முதல் 28 நாளும் காலையும் இரவும் முறை வைத்துப் போய்ப் பாருங்கள். காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகும் முன் ஒருமுறை எட்டிப் பார்த்து வயிற்றையும் பாதத்தையும் தொட்டுவிட்டுப் போனால் போதும். நாட்சம்பளப் பேருக்காக அவசரப்பட்டுத் தாயை வேலைக்கு இழுக்காதீர்கள். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ லீவு சட்டப்படி உண்டு.

2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஆஸ்பத்திரி வந்துவிட்டது, லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கும் பாதை மாறவில்லை. 2025 நவம்பர் டித்வா புயலில் மண்சரிந்து எத்தனை பாதைகள் அறுந்தன என்று மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஒரு த்ரீவீல்காரரிடம் பேசிவையுங்கள், அவர் நம்பரைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் பல லயங்களுக்கு வீட்டு இலக்கமும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. எனவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்து ஃபெக்டரி, எந்தச் சந்தியில் ஆள் நிற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லி, டோர்ச்சோடு ஒருவரை அங்கே அனுப்புங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை தாயின் நெஞ்சில் ஒட்டியே இருக்கட்டும், குடிக்க முடிந்தால் பால் கொடுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் ஆஸ்பத்திரி டிக்கட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.