நுளம்பு செதுக்கிய குருதி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் அமைந்தது நாவுல. அதற்கு அண்மையில், நாலந்தாவில், பல்லவக் கட்டடக்கலையின் சாயல் கொண்ட கெடிகே என்னும் பழங்கற்கோயில் நிற்கிறது. நீர்த்தேக்கத் திட்டத்தின் பொருட்டு 1970களில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினர். 2018இல் அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்த அணை திறக்கப்பட்டது. வயலும் மனையும் நீருள் மறைய, மக்கள் வேறிடம் குடியேறினர். நிலத்தை இத்துணை விரைவாக மாற்றும் மாந்தரின் உடல் எத்துணை விரைவாக மாறுகிறது? மாந்த இனத்தின் தொலைநாள் வாழ்வை எண்ணிப் பார்ப்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

இலங்கையின் மலேரியா வரலாறு இதற்கு விடை தருகிறது. 1934இல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் அத்தெளிநீரில் அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. கேகாலையும் குருநாகலும் பெரிதும் தாக்குண்டன. அங்கே மலேரியா அதுவரை அரிதாக இருந்தமையால் மக்களுக்கு எதிர்ப்பாற்றலும் குறைவு. 1935இல் அக்கொள்ளைநோய் தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. பின்னர் டி.டி.ரி. தெளிப்பால் நோய் ஒடுங்கி, 1963இல் தீவு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்ததும் அது மீண்டும் தலைதூக்கிற்று. 2012இல்தான் உள்நாட்டுத் தொற்று ஓய்ந்தது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

நோய் அகன்றது, அது குருதியில் விட்டுச்சென்ற தடம் அகலவில்லை. ஈமோகுளோபின் ஆக்கத்தைக் குறைக்கும் பரம்பரையலகு ஒன்றைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் தலசீமியாக் காவி. பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ கடுந்தலசீமியாவுக்கு ஆளாகிச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றியே உயிர் தாங்க வேண்டும்; ஏற்றும் குருதியின் இரும்பு உடலில் படிந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்காதவாறு அதை அகற்ற மருந்தும் வேண்டும். இத்தகைய கேடு தரும் அலகை இயற்கை ஏன் களையவில்லை? காவிகளை மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை என்பதே காரணம் என்று 1949இல் விளக்கியவர் ஜே. பி. எசு. ஆல்டேன். பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். நோய்க்கு எதிராக இயற்கை வழங்கிய காப்புக்குச் சில குழந்தைகளின் உயிரே விலையாயிற்று.

இனி மலேரியா இல்லை. காப்புக்குத் தேவையும் இல்லை. எனில் அவ்வலகு எப்போது மறையும்? ஓர் ஊரில் நூற்றுக்கு இருவர் காவிகள் என்றும், இரு அலகும் பெற்றவர் எவரும் மகப்பேறு எய்துவதில்லை என்றும் கொள்வோம். அவ்வளவு கடுமையான தேர்விலும், காவிகளின் தொகை பாதியாவதற்கே ஏறத்தாழ நூறு தலைமுறைகள், அதாவது 2,500 ஆண்டுகள் செல்லும். மருத்துவத்தால் பிழைத்தோரும் மக்களைப் பெறுவர் என்பதால் உண்மையில் இன்னும் நெடுங்காலம் ஆகும். அணை சில ஆண்டுகளில் எழுகிறது. குருதி கெடிகேயின் வயதினும் நீண்ட கணக்கில் நடக்கிறது.

ஆகவே வருங்கால மாந்தரை இயற்கைத் தேர்வு மட்டும் வடிக்கப் போவதில்லை. 2023இல் மரபுத்திருத்த மருத்துவம் ஒன்று முதன்முறையாகப் பிரித்தானியாவில் ஒப்புதல் பெற்றது. நோயாளியின் என்பு மச்சைத் தண்டுக்கலங்களை வெளியே எடுத்து, கருவிலிருந்தபோது இயங்கிய ஈமோகுளோபின் மீண்டும் உருவாகுமாறு திருத்தி, உடலுக்குள் திருப்பிச் செலுத்தும் முறை அது. தலசீமியாவும் அரிவாட்கலக் குருதிச்சோகையும் அதனால் ஆளத்தக்க நோய்களாகின்றன.

ஆல்டேன் 1927இலேயே, நான்கு கோடி ஆண்டுகளுக்குப் பிந்திய மாந்தரைக் கற்பனை செய்து எழுதினார். அதில், கடலேற்றத்தின் ஆற்றலை மாந்தர் வரம்பின்றிச் செலவிட, நிலா நெருங்கி உடைந்து புவியை அழிக்கிறது; வெள்ளிக்கோளுக்கென வளர்த்தெடுக்கப்பட்ட புதுக்கூட்டம் பிழைக்கிறது. கோளுக்கேற்ப ஆளை வார்க்கும் அக்கனவு இன்று செவ்வாயை நோக்கித் திரும்பியுள்ளது. புவியீர்ப்பில் 38 விழுக்காடே கொண்ட அங்கே சிறு குடியிருப்பொன்று பல தலைமுறை தனித்து வாழ்ந்தால், முதலில் சென்றோரின் குறையும் நிறையும் அவ்வினம் முழுவதிலும் ஓங்கும்.

அங்கே எந்த அலகு நலம், எந்த அலகு கேடு என்பதை இங்கிருந்து எவர் முடிவுசெய்வது? ஒரு காலத்தில் குழந்தைகளைக் காத்த அலகே இன்று குழந்தைகளை வாட்டுகிறது. சிறந்த மாந்தர் என ஒரே அச்சை வார்ப்போர், அறியாத நாளை ஒன்றைத் தம் கால அளவுகோலால் அளப்பவராவர். திருமணத்துக்கு முன் குருதி ஆய்வு செய்துகொள்வதும், நோயுற்றவரின் உடற்கலங்களைத் திருத்துவதும் வாழ்வோரின் துன்பம் தீர்க்கும் வழிகள். அவை செய்யும் மாற்றம் அவரோடே நின்றுவிடும். கருவழியே இறங்கும் திருத்தமோ பிறவாதோரையும் பிணைக்கும். ஆதலால் நம் வழித்தோன்றல்களுக்கு நாம் காத்துக் கொடுக்க வேண்டியது பலவகைப்பட்ட மரபும், தம் சூழலுக்கேற்பத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையுமே.