சார்பு வழி – 11: முடிச்சை மட்டும் மாற்றுங்கள்

திரையில் 1947 என்று தட்டுகிறோம். நமக்கு அது ஓர் எண். நிரலின் கைக்கு வரும்போது அது 1, 9, 4, 7 என்று வரிசையாக நிற்கும் நான்கு குறிகள், அவ்வளவுதான். அந்த வரிசையை எண்ணாக மாற்றும் வேலையைப் பெரும்பாலான நிரல்மொழிகள் நமக்காகச் செய்துவிடுவதால் அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம். மோனாட் என்ற பெயரைக் கேட்டு மிரண்டவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

முறை எளிது. கையில் 0 வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் ஒன்று வரும்போதெல்லாம் கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி, வந்ததைக் கூட்டுங்கள். 0, 1, 19, 194, 1947. தொடக்க மதிப்பு, ஒரு படி, ஒரு பட்டியல் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு ஒரே விடையைத் திருப்பித் தருவதுதான் ஃபோல்டு. இது பழைய சரக்கு. கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட ‘எ புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூலிலேயே கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால் வரிசை முழுவதும் கூட்டப்பட்டுவிடும்.

இங்கே ஒரு கணம் நின்று பார்வையைத் திருப்ப வேண்டும். 9 என்பதை ஓர் இலக்கமாகப் பார்க்காமல், ‘வருவதைப் பத்தால் பெருக்கி 9 கூட்டு’ என்ற சார்பாகப் பாருங்கள். இப்போது நம்மிடம் இருப்பது நான்கு சார்புகளின் பட்டியல். பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் இரண்டு சார்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினோமே, அதே சேர்க்கையைப் படியாக வைத்து இந்தப் பட்டியலை ஃபோல்டு செய்யலாம். தொடக்க மதிப்பு 0 அல்ல; வந்ததை அப்படியே திருப்பித் தரும் சமனிச் சார்பு. விடையாக வருவதும் எண் அல்ல, ஒரே ஒரு பெரிய சார்பு. அதற்கு 0 கொடுத்தால் எண் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: பாடநூல் சேர்க்கையில் வலப்பக்கச் சார்புதான் முதலில் ஓடும். பட்டியலை அப்படியே அதில் கோத்தால் 7491 வரும். நமக்குத் தேவை இடப்பக்கத்திலிருந்து ஓடும் சேர்க்கை. ஃபோல்டு இப்படிச் சார்பையே விடையாகத் தரலாம் என்பதை கிரஹாம் ஹட்டன் 1999இல் எழுதிய ஃபோல்டு பற்றிய கட்டுரை அழகாக விளக்குகிறது. தேடிப் படியுங்கள்.

இனி யாரோ ஒருவர் 19க7 என்று தட்டிவிடுகிறார். ‘க’வுக்கு உரிய சார்பு என்ன செய்யும்? எண் தர அதனால் முடியாது. ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்ல முடியும். ஆகவே எல்லாச் சார்புகளின் வடிவமும் மாறுகிறது: எண் உள்ளே போகும், எண்ணோ ‘ஒன்றுமில்லை’யோ வெளியே வரும். ஹாஸ்கெல் நிரல்மொழி இதை மேபி என்கிறது. இப்போது பழைய சேர்க்கை வேலை செய்யாது. முன்னது வெளியே தள்ளுவது பின்னதன் வாய்க்குள் நுழையாது.

வழக்கமாக நாம் செய்வது, ஒவ்வொரு படியிலும் ‘பிழையா?’ என்று கேட்கும் ஒரு வரியைச் செருகுவது. நூறு படி என்றால் நூறு கேள்வி. அதற்குப் பதில் சேர்க்கையையே மாற்றுங்கள்: முன்னதை ஓட்டு, எண் வந்தால் பின்னதற்குக் கொடு, ‘ஒன்றுமில்லை’ வந்தால் அங்கேயே நிறுத்து. சமனிச் சார்பின் இடத்தில், எண்ணை வாங்கி ‘இதோ எண்’ என்று மட்டும் சொல்லும் சார்பை வையுங்கள். ஃபோல்டில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். பிழை பற்றிய கேள்வி நிரலில் ஒரே இடத்தில், சார்புகளை இணைக்கும் முடிச்சான சேர்க்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தச் சேர்க்கைக்கு சுவிஸ் கணிதவியலாளர் ஹைன்ரிஷ் கிளைஸ்லியின் பெயர். அவருடைய கட்டுரை 1965இல் வந்தது. நிரல் எழுதுபவர்களை மனத்தில் வைத்து எழுதியதல்ல. 1989இல் யூஜெனியோ மோஜி கணிப்பின் பலவகைகளை, இத்தகைய சேர்க்கைக்கு அடித்தளமான மோனாட்களால் விளக்கலாம் என்று காட்டினார். அதை நிரலாளர்களின் கைக்குக் கொண்டுவந்ததில் ஃபிலிப் வாட்லரின் பங்கு பெரிது. ஹாஸ்கெலில் கிளைஸ்லி சேர்க்கையின் குறி >=>. மீன் போல இருப்பதால் மீன் என்றே அழைக்கிறார்கள்.

முடிச்சை இன்னொரு முறை மாற்றிப் பாருங்கள். மங்கிய பழைய ரசீது ஒன்றை ஸ்கேன் செய்திருக்கிறோம். முதல் இலக்கமும் மூன்றாவதும் 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு சார்பும் விடைகளின் பட்டியலைத் தரட்டும். முன்னது தந்த ஒவ்வொன்றுக்கும் பின்னதை ஓட்டி எல்லாவற்றையும் திரட்டுவது சேர்க்கையாகட்டும். அதே ஃபோல்டு 1917, 1977, 7917, 7977 என்று நான்கையும் தருகிறது. மோனாட் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்ளச் சொல்வேன்: சார்புகளை முடிச்சுப் போடும் விதம், அதோடு எதையும் மாற்றாத ஒரு தொடக்கச் சார்பு. சார்புகள் நிற்கும் வரிசை மாறாதவரை, முடிச்சுகளில் எதை முதலில் போட்டாலும் விடை மாறக்கூடாது என்பதே அதற்குரிய விதி, சேர்ப்புப் பண்பு.

அந்த விதியால் பெரும் பயன் உண்டு. 1, 9 இரண்டையும் ஒரு கணினியில் முடிச்சுப் போட்டால் ‘நூறால் பெருக்கி 19 கூட்டு’. 4, 7 இரண்டையும் இன்னொன்றில் முடிச்சுப் போட்டால் ‘நூறால் பெருக்கி 47 கூட்டு’. பெருக்கும் எண், கூட்டும் எண் என்று இரண்டிரண்டாக எழுதி வைத்துக்கொண்டால் பிறகு சேர்ப்பது ஒரு நொடி வேலை. 2004இல் கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கேமாவத் இருவரும் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரையிலும் பகுதி விடைகளை முன்கூட்டியே சுருக்கி வைக்கும் வசதி இப்படிப்பட்ட பண்பைத்தான் நம்பியிருக்கிறது.

ஆனால் எல்லா மோனாட் சங்கிலியையும் இப்படிப் பங்கு போட முடியாது. ‘க’ இலக்கமல்ல என்று சொல்ல, அதற்கு முன் என்ன வந்தது என்பது தேவையில்லை. இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். ‘கையில் இருப்பது 150ஐத் தாண்டினால் நிறுத்து’ என்று ஒரு விதி சேர்த்துப் பாருங்கள். 4 வரும்போது நிற்க வேண்டுமா என்பது முன்பாதி தந்த 19ஐப் பார்த்த பிறகே தெரியும். இரண்டாவது கணினி காத்திருந்தே ஆக வேண்டும். முந்தைய விடையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் அந்தச் சுதந்திரமே மோனாட்டின் பலம். அதற்குக் கொடுக்கும் விலை இந்தக் காத்திருப்பு. அந்தச் சுதந்திரம் தேவைப்படாத இடங்களுக்கு அப்ளிகேட்டிவ் என்ற எளிய கருவி இருக்கிறது. அது அடுத்த வாரம்.