வயதானால் எலும்பு ஏன் எளிதில் முறிகிறது?

குளியலறையில் லேசாக வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார் பாட்டி, மணிக்கட்டு முறிந்துவிடுகிறது. அதே இடத்தில் விழும் பேரன் எழுந்து ஓடிவிடுகிறான். ஏன்?

எலும்பு உயிருள்ள திசு. ஒருவகை செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்கின்றன. இன்னொரு வகை செல்கள் அந்தக் குழியை நிரப்புகின்றன. சுமார் 30 வயதுக்குப் பிறகு மெல்ல மெல்ல அரிப்பின் கை ஓங்குகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இழப்பு வேகமெடுக்கிறது. இப்படி எலும்பு மெலிந்து பலவீனமாவதே எலும்புப்புரை. வலி இருக்காது, பலருக்கு முதல் அறிகுறியே முறிவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது.

சிகிச்சை உண்டு. அலெண்ட்ரோனேட் மாத்திரை அரிக்கும் செல்களை அடக்குகிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காபியோ பாலோ சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும்.

கால்சியம், வைட்டமின் டி, தினசரி நடை, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவையும் சேர வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக, எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் என்ற ஊசி போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது: நிறுத்தினால் எலும்பு இழப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்பே முறியலாம்.