எது பெரிய படம்?



நினைவுச் சொற்பொழிவில் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கக்கூடும். பஞ்சமி நிலம், சாதிச் சான்றிதழ், ஆணவக் கொலை என்று பேசுவதற்கு நமக்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் விடுதி அறையிலும் டீக்கடையிலும் விடிய விடிய வாதாடுவது சினிமாவைப் பற்றித்தான். எந்தப் படம் பெரிய படம் என்று தொடங்கும் அந்தப் பேச்சு, யாருடைய வாழ்க்கை பெரியது என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் போய் முட்டுகிறது. அதனால் அந்த விவாதத்தை ஒழுங்காக நடத்தக் கற்றுக்கொள்வதும் அரசியல் வேலைதான்.

முதலில் கொட்டகையிலிருந்து தொடங்குவோம். ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமா பற்றி ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கம் சினிமா கொட்டகைதான் என்பது அவர் கருத்து. கோயில் விழாவிலும் ஊர்க் கூத்திலும் யார் எங்கே நிற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. கொட்டகையில் கையிலிருந்த காசு முடிவு செய்தது. தரை டிக்கெட்டும் நாற்காலி டிக்கெட்டும் வேறுதான். ஆனாலும் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர், இங்கே காசு கொடுத்து உரிமையோடு உட்கார்ந்தார்.

அந்த உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை 2023 மார்ச் 30 காட்டியது. சென்னையின் பெயர்பெற்ற திரையரங்கு ஒன்றில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பம் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அங்கிருந்தவர்கள் தட்டிக்கேட்டார்கள், காணொளி பரவியது. படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, கூடவே குழந்தைகள் இருந்தார்கள், பிறகு உள்ளே அனுமதித்துவிட்டோம் என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. எது பெரிய படம் என்று வாதாடும்போது, அந்த வாதத்துக்குள் வர யாருக்கு இடம் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கையிலிருக்கும் அளவுகோல்கள்

ரசிகர்கள் வழக்கமாக நான்கு அளவுகோல்களை எடுக்கிறார்கள்: வசூல் அல்லது மதிப்பெண், தொழில்திறமை, விருது, படம் சொல்லும் கருத்து. நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒன்றைக்கூட முழுதாக நம்ப முடியாது.

தொழில்திறமையை எடுத்துக்கொள்வோம். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ திரைக்கதைக்குப் பாடமாகவே இன்றும் சொல்லப்படுகிறது. சிறந்த தமிழ்ப் படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள் பெற்றது. நடிப்பிலும் இசையிலும் குறை சொல்வது கடினம். ஆனால் அந்தப் படத்தை எல்லா ஊரிலும் ஒரே மனதோடு பார்க்க முடியவில்லை. இயக்குநர் மாரி செல்வராஜ் அது தனக்குள் ஏற்படுத்திய வலியை வெளிப்படையாகப் பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கியைத்தான் 2023இல் ‘மாமன்ன’னாகக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். முப்பது ஆண்டு கழித்து ஒரு படத்துக்கு இன்னொரு படத்தால் பதில் சொல்லியிருக்கிறார். திறமை பெரிதுதான். அந்தத் திறமை யாரைப் பெரிதாக்கப் பயன்பட்டது என்று கேட்காதவரை விமர்சனம் பாதியில்தான் நிற்கிறது.

கருத்தும் அப்படித்தான். ஜெமினி தயாரிப்பில் 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ தீண்டாமையை நியாயப்படுத்த எடுக்கப்பட்ட படம் அல்ல. நந்தனுக்காக அழ வைத்தது. ஆனால் நந்தன் கதையில் கோயிலுக்குள் போக அவன் நெருப்பில் இறங்க வேண்டும். மாற வேண்டியது கோயிலா நந்தனா என்ற கேள்வி எழாமலே பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகலாம். இரக்கம் வந்தால் போதும் என்று நினைக்கும் ‘நல்ல கருத்து’ப் படங்களின் சிக்கல் இது.

ஒரு மதிப்பெண்ணின் கதை

2021 நவம்பர் 2, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ இணையத்தில் வெளியானது. ஐஎம்டிபி தளத்தில் பார்வையாளர் அளித்த மதிப்பெண் சில நாட்களில் 9.6ஐத் தொட்டது. நீண்ட காலமாக உச்சியில் இருந்த ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ’னின் 9.3ஐ அது தாண்டியது. உலகத்தின் பெரிய படம் நம் பெயரில் இருக்கிறது என்று ஒரு தரப்பு கொண்டாடியது. படம் பார்க்காமலே மதிப்பெண் போடுகிறார்கள் என்று மறுதரப்பு கேலி செய்தது. 2023 ஆகஸ்டில் அந்த ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. ‘கடைசி விவசாயி’ சிறந்த தமிழ்ப் படமானது. ‘ஜெய் பீம்’ ஒரு விருதும் பெறவில்லை. அப்போதும் சண்டை நடந்தது. ஒரு பக்கம் 9.6, இன்னொரு பக்கம் சுழியம். இரண்டு எண்ணும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வது குறைவு.

படத்துக்கு அடிப்படை உண்மைச் சம்பவம். 1993இல் விருத்தாசலம் பக்கத்தில் முதனை கிராமத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். அவருடைய மனைவி விடாமல் போராடினார். அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு அந்த வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். படத்தில் வழக்கறிஞரின் பெயர் சந்துருதான். இறந்தவரின் பெயரும் இராசாக்கண்ணுதான். மனைவி செங்கேணி ஆனார். சமூகமும் மாறியது. உண்மையில் அவர்கள் குறவர். படத்தில் இருளர். எங்கள் கதை எங்கே போயிற்று என்று குறவர் சமூகத்திலிருந்து கேள்வி வந்தது. காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தெரிந்த நாட்காட்டியின் அக்கினிக் குண்டம் பற்றி எழுந்த எதிர்ப்புதான் அதைவிடப் பெரிய செய்தியானது. அந்தப் படம் உடனே நீக்கவும் பட்டது. எந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது, எது காத்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இருளரின் பெயர் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போனது என்பதும் உண்மை. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்கள், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அள்ளிச் செல்லப்பட்டவர்கள் பற்றிப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் மனு எழுதிக்கொண்டிருந்தன. அந்த உழைப்பு இல்லையென்றால் இந்தப் படத்துக்குக் கதை இல்லை.

கடற்கரையிலிருந்து பார்த்தால்

இருளரை நாம் பார்க்க விருத்தாசலம்வரை போக வேண்டாம். நம் மாவட்டக் கடற்கரைக்கு வாருங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு போனபோது, கொல்லாமல் பிடித்து விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் தொழிலாக அதை மாற்றினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷம் இங்கிருந்து விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்குப் போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இதைப் படத்தோடு சேர்த்து யோசியுங்கள். இராசாக்கண்ணு ஒரு வீட்டுக்குப் பாம்பு பிடிக்கப் போகிறான். பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போகிறது. அந்த வீட்டுக்குள் அவனை அழைத்துச் சென்ற அறிவே அவன்மேல் சந்தேகம் விழக் காரணமாகிறது. அந்தக் காட்சியைத் திரைக்கதை நன்றாகக் கட்டியிருக்கிறது. நம் கடற்கரையில் அதே அறிவு ஊரார் உயிரைக் காப்பாற்றும் மருந்தாகிறது. இரண்டும் ஒரே சமூகத்தின் உண்மைதான்.

இன்னொன்று. மாசி மகப் பௌர்ணமிக்குப் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். மணலில் சேலையைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். நிச்சயம் செய்வார்கள், திருமணம் நடத்துவார்கள். அந்த ஊரின் கற்கோயில்களைத் தமிழ் சினிமா எத்தனையோ பாட்டுக்குப் பின்னணியாக்கியிருக்கிறது. அந்தப் பௌர்ணமிக் கூட்டமோ அதன் கண்ணில் அரிதாகவே படுகிறது.

அதே மாமல்லபுரத்தில் 2021இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை எழுப்பி விரட்டியதை ஒரு காணொளியில் சொன்னார். அழவில்லை, கெஞ்சவில்லை. கேமராவை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டார். அறநிலையத் துறை அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் தேதி முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ‘ஜெய் பீம்’ வெளியாகி இரண்டாம் நாள் அது. படத்தால்தான் பட்டா வந்தது என்று சிலர் பேசினார்கள். படம் வருமுன்பே அந்தப் பெண் பேசி முடித்துவிட்டார். வசனகர்த்தா இல்லை, இசை இல்லை, நட்சத்திரம் இல்லை. சில நிமிடப் பேச்சு.

என் வாதத்தின் நடு இடம் இதுதான். ஒரு படத்தில் காட்டப்படும் மக்கள் பார்க்கப்படுவதோடு நிற்காமல், திரும்பிப் பார்க்கவும் அது இடம் கொடுக்கிறதா? அந்தத் திரும்பிப் பார்க்கும் கண் எந்தப் படத்தில் இருக்கிறதோ அதுவே பெரிய படம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதை நடைமுறையில் எப்படிச் சோதிப்பது? நான்கு கேள்விகள் உதவும்.

கதையின் திருப்பத்தில் முடிவெடுப்பது யார்? ‘ஜெய் பீ’மில் செங்கேணி காவல்துறை வண்டியில் ஏற மறுத்துச் சாலையில் நடந்தே வீட்டுக்குப் போகும் காட்சியில் முடிவு அவளுடையது. அந்த இடத்தில் படம் உயர்கிறது. நீதிமன்றக் காட்சிகளில் பெரும்பாலும் வழக்கறிஞரே நாயகன். அங்கே அவள் காத்திருப்பவள் ஆகிவிடுகிறாள்.

துன்பம் வருவதற்கு முன் அவர்களுக்கு வாழ்க்கை இருக்கிறதா? எலி பிடிப்பதும், கல் வீடு கட்டித் தருவேன் என்ற காதல் பேச்சும் அந்தப் படத்தில் உண்டு. ஆனால் லாக்கப் அடி நீளும் நேரம் அந்தச் சிரிப்பை விழுங்கிவிடுகிறது. உடைபடும் உடம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர்கள், நாளை பக்கத்து வீட்டுக்கு ஓர் இருளர் குடி வந்தால் என்ன செய்வார்கள்?

யாருடைய பெயர் நின்றது, யாருடைய பெயர் மாறியது? நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். தன் பெயரைத் தானே சொல்வது எவ்வளவு பெரிய அரசியல் என்று அவருக்குத் தெரியும். குறவர் எழுப்பிய கேள்வியும் அந்த வழியில் வந்ததுதான்.

கடைசிக் கேள்வி: படம் பார்ப்பவனுக்கு நிம்மதி கொடுக்கிறதா, வேலை கொடுக்கிறதா? 2018இல் வந்த ‘பரியேறும் பெருமா’ளின் கடைசிச் சட்டகத்தில் இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் இருக்கும். ஒன்றில் கறுப்புத் தேநீர், மற்றதில் பால் தேநீர். சமாதானம் ஆகிவிட்டது என்று படம் சொல்லவில்லை. உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது, பேச வேண்டியவர் நீங்கள் என்று எதிர்த் தரப்பிடம் விட்டுவிடுகிறது. அந்தப் பொறுப்பை நாம் அவர்களுக்காகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் படங்களுக்கும் இதே சோதனை

தோழர்களே, இந்தக் கேள்விகளை எதிரியின் படத்துக்கு மட்டும் கேட்பது சுலபம். நம் பெயரைச் சொல்லும் படத்தை விமர்சித்தால் எதிரிக்கு உதவியாகிவிடும் என்ற பயம் நமக்குள் இருக்கிறது. அந்தப் பயம் நம் கலையை வளரவிடாது. புகழ்ந்தால் மட்டுமே நிற்கும் படம், கைத்தட்டல் நின்றதும் விழுந்துவிடும்.

2019இல் ‘அசுரன்’ பஞ்சமி நிலத்தைப் பெரிய வணிகப் படத்துக்குள் கொண்டுவந்தது. அந்த மாதமே அரசியல் மேடைகளில் பஞ்சமி நிலம் விவாதமானது. அது அந்தப் படத்தின் பெருமை. ஆனால் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்கியதே செங்கல்பட்டில்தான். 1891இல் இங்கே ஆட்சியராக இருந்த திரெமென்கீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இன் நில ஆணை வந்தது. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடிய மக்கள்மீது அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கோபத்தோடு ‘அசுரன்’ பார்த்துவிட்டு வரும் நம் மாணவருக்கு இந்த இரண்டு பெயரும் தெரியவில்லை என்றால், படம் தந்த வேலையை நாம் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஊரில் திரையிடல் நடத்துங்கள். பூஞ்சேரியிலிருந்தும் வடநெம்மேலியிலிருந்தும் சூளைகளிலிருந்தும் அந்த மக்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும். படத்தை அவர்கள் திட்டினாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரணையின் கதையை எழுதப்போகிறவர், எடுக்கப்போகிறவர் உங்களில் யாராவது இருந்தால், அவருக்கு எந்த மதிப்பெண்ணைவிடவும் அந்தக் குறிப்பேடுதான் பயன்படும்.