மூன்று மாநிலங்களில் கால் வைத்த நீதிமன்றம்

அமெரிக்காவில் பெரும்பாலான குற்றங்களை அந்தந்த மாநில நீதிமன்றமே விசாரிக்கும். மத்திய அரசின் சட்டத்தை மீறினால் வழக்கு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். 1789-ல் 13 ஆகத் தொடங்கிய இவை இன்று 94. பெரிய மாநிலத்தை இரண்டாக, நான்காகக்கூடப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாநிலத்தின் நீதிமன்றம் பக்கத்து மாநில மண்ணுக்குள் போவதில்லை.

வயோமிங் மட்டும் விலக்கு. அதன் கூட்டாட்சி நீதிமன்ற மாவட்டத்தின் எல்லை மான்டானா, ஐடஹோ மாநிலங்களுக்குள்ளும் கொஞ்சம் நீள்கிறது. காரணம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1872-ல் பூங்கா உருவானபோது இந்த மூன்றும் மாநிலங்களாகவே ஆகியிருக்கவில்லை. பூங்காவைக் காக்க ராணுவம் வந்தது. தண்டிக்கச் சட்டம் வரவில்லை. 1894 மார்ச்சில், பனி மூடிய பெலிகன் பள்ளத்தாக்கில், கொன்ற காட்டெருமைகளின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒருவனை வீரர்கள் பிடித்தார்கள். அவனைப் பூங்காவைவிட்டு வெளியேற்றலாம், அவ்வளவுதான். செய்தி பத்திரிகையில் வந்ததும் நாடு கொதித்தது. மே 7-ல் சட்டம் வந்துவிட்டது. வேட்டைக்குத் தண்டனை விதித்த அந்தச் சட்டமே பூங்கா முழுவதையும் வயோமிங் நீதிமன்றத்தின்கீழ் வைத்தது. காட்டுக்கு மாநில எல்லை தெரியாது. அதைக் காக்கும் நீதிமன்றமும் ஒன்றாக இருக்கட்டும் என்பது மிகச் சரியான முடிவு.

பூங்காவுக்குள்ளேயே, மாமத் வெந்நீர் ஊற்றுகளின் அருகில், இன்றும் ஒரு மாஜிஸ்திரேட் வழக்கு கேட்கிறார். 2023-ல் ஆற்றோரம் தவித்த காட்டெருமைக் கன்றை ஒருவர் கையால் தள்ளிக் கரையேற்றினார். மனிதர் தொட்ட அந்தக் கன்றை மந்தை சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் பூங்கா ஊழியர்களே அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அவருக்கு 500 டாலர் அபராதம். வனவிலங்குப் பாதுகாப்பு நிதிக்கு இன்னொரு 500 டாலர்.

சிக்கல் பெரிய குற்றங்களில்தான். குற்றம் நடந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த ஜூரிகளே விசாரிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம். பூங்காவின் ஐடஹோ பகுதி சுமார் 50 சதுர மைல். அதன் மாநிலம் ஐடஹோ, நீதிமன்ற மாவட்டமோ வயோமிங். இரண்டிலும் ஒருசேர அடங்கும் இடம் இந்தத் துண்டு ஒன்றுதான். அங்கே குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. ஜூரிக்கு ஆள் எங்கே? 2005-ல் சட்டப் பேராசிரியர் பிரையன் கால்ட் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். ஆறு மாதச் சிறைக்கு மேற்படாத சில்லறைக் குற்றங்களுக்கு ஜூரி தேவையில்லை என்பதால் அவை தப்பாது. கொலை வழக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை இதுவரை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க நேரவில்லை.

மான்டானா பகுதியில் ஒரு மானைச் சுட்டவர் இதே வாதத்தை எழுப்பிப் பார்த்தார். நீதிபதி ஏற்கவில்லை, அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது.

அந்த 50 சதுர மைலை ஐடஹோ மாவட்டத்தோடு சேர்க்கச் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். 1894-ல் கொல்லப்பட்ட காட்டெருமைகளுக்காக இரண்டு மாதத்தில் சட்டம் செய்த அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு மனித உயிர் போகும்வரை காத்திருக்காமல் இதையும் செய்ய வேண்டும்.