மதுரையில் நின்றது, பம்பாயில் நின்றுபோனது

டோம்பிவிலியில் லோக்கல் பிடித்து மும்பையின் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கும் தமிழர்களுக்கு, எதிரே நிற்கும் மாநகராட்சிக் கட்டடம் தினசரிக் காட்சி. அந்த இடத்துக்காக இந்திய-சாரசெனிக் பாணியில் இன்னொரு வரைபடமும் வந்திருந்தது. வரைந்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். ஆனால் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸின் கோதிக் வடிவமே 1893-இல் எழும்பி முடிந்தது. சிஷோமின் கட்டடம் காகிதத்தோடு நின்றுபோனது.

அந்த சிஷோமுக்கு மதுரை நன்றாகத் தெரியும்.

1636-இல் மன்னர் திருமலை நாயக்கர் அங்கே கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய கால் பங்கு. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரு பெரும் பகுதிகள் இருந்தன. மன்னரின் தம்பி முத்தியாலு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ரங்க விலாசம் மறைந்தேவிட்டது. அரண்மனையைப் பகைவர்தான் இடித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தாவின் மாளிகையைப் பிரித்துப் பொருள்களைக் கொண்டுபோனார் என்பதே வரலாறு. சொந்த வீட்டாரே செய்த சேதம் இது.

மிஞ்சியதைக் காப்பாற்றியவர் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர். 1866 முதல் 1872 வரை அவர் பதவியில் இருந்த காலத்தில் பழுதுபார்ப்பு நடந்தது. அதில் சிஷோமுக்கு முக்கியப் பங்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த தூண்கள், அவற்றை இணைக்கும் வளைவுகள், உத்தரமே இல்லாமல் நிற்கும் குவிமாடம், மேலே சுதை வேலை. இவை எல்லாவற்றையும் அவர் அளந்து வரைந்தார். இந்திய மரபையும் இஸ்லாமிய மரபையும் கலந்த கட்டடங்களைப் பின்னாளில் அவர் எழுப்பினார் என்றால், மதுரைப் பாடம் அதில் இல்லாமல் இராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பழுதுபார்த்த மாளிகையில் நீதிமன்றம் நடந்தது. 1970 வரை வழக்குகள் அங்கேதான். 

அடுத்த முறை விடுமுறையில் மதுரைக்குப் போகிறவர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல், விளக்குத்தூண் பக்கம் சந்துக்குள் இருக்கும் பத்துத் தூணையும் பார்த்து வாருங்கள். கடைகளுக்கு நடுவே, தாங்க எதுவும் இல்லாமல் நிற்கும் அந்தக் கல்தூண்கள்தாம் ரங்க விலாசத்தில் மிச்சம்.